பதினாறு இஞ்சுப் பாம்பு

பாம்பைப் பார்த்தால் எல்லோரும் "ஐயோ, பாம்பு!" என்றுதான் கத்துவார்கள். பட்டனின் மாமா மட்டும் "பதினாறு இஞ்சு!" என்று கத்தினார்.

மாமா தையல்காரர். அவர் வேறு எப்படிக் கத்துவார்?

அந்த வீட்டின் முன்பக்கம் முழுவதும் தையல் கடை. ஒரே நீளமான அறை. தெருப்பக்கம் அம்மா மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். மறுகோடியில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரமாக, அம்மாவின் தம்பியான மாமா பெரிய மேசையில் துணியை விரித்து வெட்டுவார். வெட்டுவதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காரணம், அவருடைய கண். ஆள் வாசற்படி ஏறும்போதே, "தோள் பதினேழு, கை இருபத்துநாலு" என்று சொல்லிவிடுவார். பிறகு டேப் வைத்து அளந்தால் நூல் அளவுகூடப் பிசகாது.

பட்டன், அம்மாவின் ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள். வீடே அழுதது. மறுநாள் பட்டன் பத்திரமாக வெளியே வந்துவிட்டது. பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

"எங்கடா பாம்பு?" அம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"செங்கல் குவியல்லேர்ந்து வந்துச்சுக்கா. சுவரை ஒட்டிக்கிட்டே போச்சு. சாம்பல் நிறம். தண்ணித் தொட்டிக்குப் பின்னால மறைஞ்சிடுச்சு."

"பதினாறு இஞ்சுன்னு எப்படி மாமா தெரியும்? கிட்டப் போய் அளந்தீங்களா?" என்று பட்டன் கேட்டாள்.

"எனக்கென்ன பைத்தியமா? பார்த்தாலே தெரியாதா?"

அம்மா ஜன்னலைப் பட்டென்று சாத்தினாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்தத் தோட்டத்துக்கு சிமெண்டு போட்டுடலாம்னு! துணி காயப்போடவாவது ஆகும். கதவுக்கு அடியில இவ்வளவு பெரிய இடுக்கு. நாளைக்கு அந்தப் பாம்பு மெஷினுக்கு அடியில வந்து சுருண்டுக்கிட்டா யாரு தைக்கிறது?"

சொன்ன கையோடு கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாக அவர் சொன்னார்.

பட்டன் தோட்டத்துக் கதவருகே ஓடிப்போய் நின்றாள்.

அது ஒன்றும் பெரிய தோட்டம் இல்லை. நாலு தாவு தாவினால் முடிந்துவிடும். ஆனால், அது அவளுடைய தோட்டம். ஒரு மூலையில் தக்காளி. இன்னொரு மூலையில் பூசணி. அதில் முதல் பூ நேற்றுத்தான் பூத்திருந்தது. சுவரோரம் பீன்ஸ் கொடிகள். வெட்டி மிஞ்சிய சாம்பல் நிறக் கம்பளித் துணியை மாமா நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுப்பார். அந்த நாடாக்களால்தான் கொடிகளைக் குச்சிகளோடு கட்டியிருந்தாள்.

"அம்மா, என் பீன்ஸ்?"

"தொட்டியில வச்சுக்கோ."

"பூசணி?"

"பூசணிக்காயைக் கடையில வாங்கிக்கலாம்."

அதற்கு மேல் பேசினால் அடுத்து வீட்டுப்பாடம் பற்றிக் கேள்வி வரும். பட்டன் வாயை மூடிக்கொண்டாள்.

*

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. மழை விட்டதும் மாமா ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வெளியே பார்த்தார். திரும்பவும் கத்தினார்.

"பதிமூணரை!"

"என்னது?"

"பாம்புக்கா. அதே பாம்பு. அதே சாம்பல் நிறம். ஆனா இப்போ பதிமூணரை இஞ்சுதான் இருக்கு!"

அப்போது கடையில் போஸ்ட்மேன் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் தைக்கத் துணி கொடுக்க வந்தவர்.

"மழையில நனைஞ்சா துணிதான் சுருங்கும்னு நினைச்சேன். பாம்புமா சுருங்குது?" என்றார் அவர்.

அம்மா சிரித்தாள். போஸ்ட்மேன் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நினைத்த பட்டனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

போஸ்ட்மேன் போகிற போக்கில் சும்மா போகவில்லை. "தம்பி, என் பேண்ட்டை எதுக்கும் டேப் வச்சே அளந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால், மாமாவின் முகம் வாடிப்போய்விட்டது.

மேசைமேல் டாக்டரம்மாவின் கோட்டுத் துணி விரித்துக் கிடந்தது. விலை உயர்ந்த கம்பளி. காற்றில் பறக்காமலிருக்க ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்திருந்தார். மாமா டேப்பை எடுத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். கத்தரிக்கோலைத் துணியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"ஏன் மாமா வெட்டலை?"

"பயமா இருக்கு பட்டன். நேத்து பதினாறு, இன்னைக்குப் பதிமூணரை. என் கண்ணு போச்சுபோல."

மாமா இப்படிப் பேசிப் பட்டன் கேட்டதே இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவின் கண் தப்பாது. பள்ளிக்கூடச் சீருடை முதல் தலையணை உறை வரை ஒன்றாவது தப்பியிருக்கிறதா?

"மாமா, உங்க கண்ணு மேல தப்பே இல்லை" என்றாள் பட்டன். "தப்பு பாம்பு மேலதான்."

"பாம்பு என்ன தப்பு பண்ணுச்சு?"

"அது தெரியலை. கண்டுபிடிக்கிறேன்."

*

பாம்பைக் கண்டுபிடிக்க, பாம்பின் பக்கத்தில் போக வேண்டும் என்பது இல்லை. பட்டன் கொஞ்சம் யோசித்தாள்.

மேசைக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டிகள் தேய்ந்து தேய்ந்து நகத்தளவு ஆனதும் மாமா அதில்தான் போடுவார். பட்டன் அதைக் கவிழ்த்து, எல்லாத் துண்டுகளையும் நுணுக்கினாள். அந்த மாவைச் சுவரோரமாக, செங்கல் குவியலில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் மெல்லிசாகத் தூவினாள்.

தூவும்போதே இரண்டு விஷயங்கள் அவளுக்குப் புலப்பட்டன. ஒன்று, செங்கல் பக்கம் ஒரு மாதிரி வாடை அடித்தது. நனைந்த செருப்பை மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டினால் வரும் வாடை. இரண்டு, பீன்ஸ் இலைகள் பளிச்சென்று இருந்தன. போன மாதம் வரை நத்தையும் புழுவும் தின்று சல்லடையாக்கிவிட்ட இலைகள்! இப்போது புதிதாக ஓர் ஓட்டைகூட இல்லை. மண்ணில் காலி நத்தை ஓடுகளும் வண்டுகளின் உடைந்த சிறகுகளும்தான் கிடந்தன.

பக்கத்து பேக்கரிப் பூனை சுவர்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் மேனேஜர். நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதை மட்டும் பார்ப்பதால் அந்தப் பெயர்.

காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் தோட்டத்துக்கு ஓடினாள். சாக்குக்கட்டி மாவில் குட்டிக் குட்டியாகப் புள்ளிகள். உற்றுப் பார்த்தாள். புள்ளிகள் இல்லை, பாதங்கள்! ஒவ்வொன்றிலும் விரல்கள்கூடத் தெரிந்தன.

"அம்மா! பாம்புக்குக் காலு இருக்கு!"

அம்மா வந்து பார்த்தாள். முகத்தில் நிம்மதி வரும் என்று பட்டன் நினைத்தாள். வந்ததென்னவோ கலவரம்தான்.

"ஐயையோ, எலி! பாம்பாவது துணியைக் கடிக்காது. எலி வந்தா டாக்டரம்மா கோட்டையே கொதறி வச்சிடும். முதல்ல சிமெண்டைப் போடணும்!"

பட்டனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாம்பைத் துரத்தப் போய் எலியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாளே!

*

அன்று பள்ளி விட்டு வந்ததும் பட்டன் தக்காளிச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பாலில் தோய்த்த ரொட்டித் துண்டை ஒரு மூடியில் வைத்திருந்தாள். மண்ணைக் கிளறிப் பிடித்த புழுக்களை இன்னொரு மூடியில் வைத்திருந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு துணித் துண்டும் போட்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் செங்கல் இடுக்கிலிருந்து முதலில் ஒரு மூக்கு வந்தது. நீளமான மூக்கு. அது மேலே, கீழே, இடது, வலது என்று ஆடிக்கொண்டே இருந்தது. மூக்குக்குப் பின்னால் வெகுநேரம் கழித்து வருவது போல உடம்பு வந்தது. சாம்பல் நிற வெல்வெட் துணியில் தைத்தது போன்ற உடம்பு. கடுகளவு கண்கள்.

"மூஞ்சூறு!" பட்டன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூஞ்சூறுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடியது. ரொட்டியை முகர்ந்துவிட்டு, "சீ, இதையா தின்பேன்" என்பது போல விலகிப் போனது. துணியை மிதித்துக்கொண்டு போனது. புழு மூடியைக் கண்டதும் அவ்வளவுதான்! அப்படி அவசர அவசரமாகத் தின்றதைப் பார்த்தால், யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று தோன்றும். மூடி காலியானதும் நத்தையைத் தேடிக்கொண்டு பீன்ஸ் பக்கம் போனது.

மேனேஜர் சுவரிலிருந்து குதித்து வந்தார். மூஞ்சூறு "கிச்ச்ச்!" என்று கத்தியது. மேனேஜர் ஒரு தட்டு தட்டிவிட்டு, தன் காலை முகர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு தும்மல் போட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். பூனைக்கே பிடிக்காத வாடை!

மறுநாள் பள்ளி நூலகத்தில் விலங்குகள் பற்றிய பெரிய புத்தகத்தைப் புரட்டினாள். யானைக்கு எட்டுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். மூஞ்சூறுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் நல்ல சேதி இருந்தது. மூஞ்சூறு எலி இனமே இல்லை. பூச்சியும் புழுவும்தான் அதன் சாப்பாடு. அதற்கு ஓயாமல் பசிக்கும். சில மணி நேரம் சாப்பாடு கிடைக்காவிட்டால்கூடத் தாங்காது.

சிமெண்டுத் தரையில் புழு எங்கிருந்து வரும்? பட்டனுக்கு அந்த நினைப்பே பொறுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னாள். துணியை அது கடிக்கவே இல்லை என்று, பல் படாத துணித் துண்டையும் எடுத்துக் காட்டினாள்.

அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏண்டா, ஒரு சாண்கூட இல்லாத மூஞ்சூறைப் பார்த்துட்டா பதினாறு இஞ்சுப் பாம்புன்னு கத்தினே?"

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நான் பார்த்தது பதினாறு இஞ்சுக்கா" என்றார் மெதுவாக. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பட்டனுக்கு ஏன்தான் கண்டுபிடித்தோம் என்று ஆகிவிட்டது. மூஞ்சூறைக் காப்பாற்றப் போய் மாமாவை மாட்டிவிட்டாளே.

"சிமெண்டு வேண்டாம்தானே அம்மா?"

"கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு. இன்னைக்குக் கடிக்கலைன்னா நாளைக்குக் கடிக்கும். அந்த நாத்தம் துணியில ஏறினா யாரு வாங்குவா? போ, போய்த் தூங்கு."

*

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்துவிட்டார். ஆள் நல்ல உயரம். தோளில் மண்வெட்டி. இரண்டு சிமெண்டு மூட்டைகளைத் தோட்டத்தில் இறக்கி வைத்துவிட்டு, "முதல்ல இந்தக் குவியலைத் தள்ளிடுறேன்மா" என்று மண்வெட்டியை ஓங்கினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்!" பட்டன் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "உள்ள ஒரு மூஞ்சூறு இருக்கு. மண்வெட்டி வேண்டாம். ஒவ்வொரு கல்லா கையால எடுங்கண்ணே. நானும் எடுக்கிறேன்."

கொத்தனார் அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவருகே நின்று, "எடுங்க, எடுங்க. இல்லேன்னா அவ விடமாட்டா" என்றாள்.

ஒவ்வொரு கல்லாக எடுத்தார்கள். மாமா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் கோட்டுத் துணி இன்னும் வெட்டாமலேயே அவர் முன்னால் கிடந்தது.

கடைசி வரிசைக் கல்லைத் தூக்கியதும், காய்ந்த இலையும் பெருக்கித் தள்ளிய நூலும் வைத்துச் செய்த ஒரு பந்து தெரிந்தது. பந்து அசைந்தது. "கிச் கிச்" என்றது. அடுத்த நொடி அதற்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று நீளமாக, வளைந்து வளைந்து வெளியே வந்தது.

"பாம்பு!" என்று அலறினார் கொத்தனார். அவ்வளவு உயரமான மனிதர் ஒரே தாவில் சிமெண்டு மூட்டைமேல் ஏறி இன்னும் உயரமாகிவிட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பதினாறு இஞ்சு!" என்றார் ஜன்னலிலிருந்து மாமா.

பட்டன் மட்டும் மண்ணில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பாம்புக்கு நிறைய காலு இருக்கு!"

முன்னால் அம்மா மூஞ்சூறு. அதன் வாலடியில் ரோமத்தைக் கவ்விக்கொண்டு ஒரு குட்டி. அந்தக் குட்டியின் வாலடியைக் கவ்விக்கொண்டு இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது. அதற்கும் பின்னால் எல்லாவற்றையும்விடப் பொடிசாக நாலாவது. அம்மா திரும்பினால் எல்லாம் திரும்பின. அம்மா நின்றால் எல்லாம் நின்றன. வரிசை நடுவில் அறுபடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை டீச்சர் கத்தினாலும் இப்படி ஒரு வரிசை நிற்காது.

"குட்டிங்கம்மா! நாலு குட்டிங்க! வந்து பாருங்களேன்!"

அம்மா கதவை விட்டு மெல்ல வெளியே வந்தாள். கொத்தனார் மூட்டையிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே இறக்கினார்.

வரிசை சுவரோரமாகவே தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போனது. அங்கே தரையில் ஒரு ரப்பர் குழாய் கிடந்தது. அம்மா மூஞ்சூறு ஏறித் தாண்டியது. முதல் குட்டி தாண்டியது. இரண்டாவது, மூன்றாவது தாண்டின. பொடிசு குழாயில் இடறி, பிடியை விட்டுவிட்டது. மற்றவை நிற்காமல் போய்விட்டன.

"பதிமூணரை!" என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மாமாவும் பட்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவின் முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி மலர்ந்தது!

"அக்கா! அன்னைக்கும் இதே பொடிசுதான் பின்தங்கியிருக்கு! பதினாறும் சரி, பதிமூணரையும் சரி!"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே மாமா, தப்பு பாம்பு மேலதான்னு!"

சந்தோஷப்பட நேரம் இல்லை. பொடிசு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. சுவர்மேல் மேனேஜர் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். அவர் மூஞ்சூறைத் தின்ன மாட்டார், சரி. ஆனால், ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டைப் பொடிசு தாங்காது.

"கையில தூக்கிடு பட்டன்!" என்றாள் அம்மா. சிமெண்டு போடச் சொன்ன அதே அம்மாதான்.

பட்டன் கையை நீட்டினாள். பொடிசு பயந்து குழாய்க்கு அடியில் புகுந்துகொண்டது. பட்டன் கையை இழுத்துக்கொண்டாள். இதற்குக் கை வேண்டாம். இதற்கு வேண்டியது ஒரு வால். கவ்விக்கொள்ள ஒரு வால் இருந்தால் போதும்!

சட்டென்று பீன்ஸ் கொடியிலிருந்து ஒரு கம்பளி நாடாவை அவிழ்த்தாள். சாம்பல் நிற நாடா. அதைப் பொடிசின் மூக்குக்கு முன்னால் மெதுவாக இழுத்தாள்.

மூக்கு ஆடியது. முகர்ந்தது. கப்பென்று கவ்விக்கொண்டது.

"பிடிச்சுக்கிச்சு!" என்று கிசுகிசுத்தார் கொத்தனார். எப்போது மூட்டையிலிருந்து இறங்கினார் என்று தெரியவில்லை, பட்டனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு கையால் மேனேஜரை "சூ, சூ" என்று விரட்டிக்கொண்டும் இருந்தார்.

பட்டன் நாடாவை இழுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். பொடிசு குடுகுடுவென்று கூடவே ஓடியது. மெதுவாகப் போனால் மெதுவாக. வேகமாகப் போனால் வேகமாக. அதற்கென்ன தெரியும், தன் அண்ணனின் வால் என்று நினைத்துக்கொண்டு ஒரு கோட்டின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்று!

தொட்டிக்குப் பின்னால் அம்மா மூஞ்சூறு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "கிச்" என்றது. பொடிசு "கிச்" என்றது, அதாவது, சொல்ல வாயைத் திறந்தது. நாடா நழுவியது. அடுத்த நொடி ஓடிப்போய் மூன்றாவது குட்டியின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டது.

ஜன்னலில் மாமா மூச்சை விட்டார். "பதினாறு."

*

"அம்மா, இப்போ நான் எங்க சிமெண்டு போடணும்?" என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

அம்மா தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடு மாறுவது என்றால் சும்மாவா?

இதுதான் சமயம் என்று பட்டன் பேசினாள்.

"அம்மா, உங்களுக்குத் துணி பத்திரமா இருக்கணும். அவ்வளவுதானே? அதுக்குத் தோட்டம் முழுக்க எதுக்கு சிமெண்டு? கதவுக்கு அடியில இருக்கிற இடுக்கை அடைச்சா போதும். அதுங்க உள்ள வராது. வாடையும் வராது."

கொத்தனார் கதவடியில் குனிந்து பார்த்தார். "பாப்பா சொல்றது சரிதான்மா. அரை மணி நேர வேலை. மிச்ச சிமெண்டுல ரெண்டு கம்பம் நட்டுத் தர்றேன். கொடி கட்டித் துணி காயப்போடுங்க. செடிக்கும் இடைஞ்சல் இல்லை, இதுங்களுக்கும் இடைஞ்சல் இல்லை."

அம்மா பட்டனைப் பார்த்தாள். பட்டனின் முட்டியெல்லாம் மண். கையில் அந்தக் கம்பளி நாடா.

"வாயாடி" என்றாள் அம்மா. அப்படியென்றால் சரி என்று அர்த்தம். பட்டன் ஓடிவந்து மண்ணோடு மண்ணாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, தைச்ச துணி! தைச்ச துணி!" என்று அம்மா சிரித்துக்கொண்டே கத்தினாள்.

செங்கற்களை முன்போலவே அடுக்கி, நூல் பந்தை உள்ளே வைத்தார்கள். அடுக்கி முடித்தபோது மாமா வந்தார். அவர் கையில் துணி சுற்றிய அந்தச் செங்கல். துணியைப் பிரித்துக் கல்லைக் குவியலின் மேல் வைத்தார்.

"இது அவங்க வீட்டுக் கல்லு. நான் இதை எடுத்த அன்னைக்குத்தான் பாவம், அதுங்க முதல் தடவையா வெளியே ஓடுச்சு. அடுத்த நாள் மழை. கூட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும்."

பிறகு கை கழுவிவிட்டு நேராக மேசைக்குப் போனார். கத்தரிக்கோலை எடுத்தார். டேப்பைத் தொடவே இல்லை. கரக், கரக், கரக் என்று டாக்டரம்மாவின் கோட்டுத் துணி வெட்டுப்பட்டது. பல நாளாகக் கேட்காத சத்தம். அம்மாவின் மெஷின்கூட அதைக் கேட்கக் கொஞ்ச நேரம் நின்றது.

அன்று இருட்டியதும் வரிசை பழைய கூட்டுக்கே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு, மழையோ மேனேஜரோ தொந்தரவு கொடுக்கும்போதெல்லாம் வரிசை வெளியே வரும். மாமா ஜன்னல் வழியே ஒரு பார்வை பார்ப்பார். "பதினாறு. எல்லாரும் இருக்காங்க" என்பார். பட்டன் நிம்மதியாக வீட்டுப்பாடத்தைத் தொடர்வாள்.

பூசணிக்காய் பட்டனின் தலையளவு ஆனபோது ஒரு சாயங்காலம், மாமா ஜன்னலருகே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

"என்ன மாமா? யாராவது குறையுதா?" பட்டன் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"குறையலை. பதினெட்டு இஞ்சு இருக்கு."

"ஐயோ, அப்போ கண்ணு...?"

"கண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மாமா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். "பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க பட்டன். சட்டை தைச்சிருந்தா இந்நேரம் மடிப்பைப் பிரிச்சு விடணும்."